லீவில் வந்த சேஃப்டி ஆபீசர்

எங்கள் தெருவிலிருந்து கல்ஃபுக்குப் போனவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருமே சூப்பர்வைசர்கள். ஒன்றிரண்டு பேர் அதற்கும் மேலே, மேனேஜர். கீழே ஒருத்தரும் கிடையாது. அப்படியானால் அந்தப் பாலைவனத்தில் மண்வெட்டி பிடிப்பது யார், மூட்டை தூக்குவது யார் என்று எங்கள் பெண்டாட்டிமார் ஒரு நாளும் கேட்டதில்லை. சவூதியில் கூலியாக விமானம் ஏறுகிறவன் மீனம்பாக்கத்தில் ஆபீசராக இறங்குவான். சாப்பாட்டுத் தட்டோடு பதவி உயர்வையும் வைத்துக் கொடுக்கிறார்களோ என்னவோ. நானும் அப்படி இறங்கியவன்தான். என் பதவி சேஃப்டி ஆபீசர்.

அதற்கு அத்தாட்சி புதுப்பட்டினத்தில் என் வீட்டு டி.வி.க்கு மேலே தொங்கியது. வெள்ளை ஹெல்மெட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நான் நிற்கும் போட்டோ. எங்கள் கம்பெனியில் வெள்ளை ஹெல்மெட் ஆபீசர்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு நீலம். நிஜமான சேஃப்டி ஆபீசர் ஒரு மலையாளி, நல்ல மனுஷன். டீ குடிக்க அவர் கழற்றி வைத்ததை இரண்டு நிமிடம் இரவல் வாங்கி எடுத்த போட்டோ அது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை என் மனைவி பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாட்டியே விட்டாள். அப்புறம் எப்படி இறக்குவது?

நான் பார்த்த வேலை எண்ணெய் டேங்க் கழுவுவது. ஆள் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, அடியில் தங்கிய கறுப்புக் கசடை வாரி வெளியே அனுப்ப வேண்டும். சொல்லக் கூடாத வேலையா அது? இல்லை. ஆனால் என் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த ஊரில் எனக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும்தான் பெயர் இருந்தது. மற்ற எல்லா வாய்க்கும் நான் 'சாணி அள்ளுறவன் பையன்'. கடல் தாண்டி ஓடியதே அந்தக் கூப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான். என் மகளை ஒருத்தன் 'டேங்க் கழுவுறவன் பொண்ணு' என்று கூப்பிட்டுவிடக் கூடாது என்பதில் வெறியாகவே இருந்தேன்.

அந்த மகள் பிளஸ் டூ முடித்த வருஷம் இரண்டு மாத லீவில் வந்திருந்தேன். அவளுக்குக் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், அதுவும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும். பொதுக் கலந்தாய்வில் அந்த இடம் கிடைக்காது என்று கட்-ஆஃப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் போனும் கையுமாக எழுந்து வந்தாள்.

"நைனா, நமக்கு வேற வழி கீது. நீ கல்ஃப்ல கீற இல்ல, அதுக்கே ஒரு கோட்டா கீது."

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இரண்டு வாசல். ஒன்று என்.ஆர்.ஐ. வாசல், கட்டணத்தைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். இன்னொன்று கல்ஃப் நாடுகளில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது. கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. அப்பனுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று காட்டினால் போதும். பாஸ்போர்ட், அங்கே தங்குவதற்கான இக்காமா அட்டை, இந்தியத் தூதரக முத்திரையோடு கம்பெனி கொடுக்கும் வேலைச் சான்றிதழ். அவள் மதிப்பெண்ணுக்கு இந்த வாசலில் இடம் நிச்சயம் என்றார்கள். இதை விட்டால் அவளுக்கு அந்தக் கல்லூரி இல்லை.

விண்ணப்பம் போட பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். என் கெட்ட நேரம், பின்னாலேயே எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஆதார் திருத்த உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோரின் பதவி என்ற கட்டம் வந்தது. மகள் என்னைக் கேட்கக்கூட இல்லை. டி.வி.க்கு மேலே பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த பதவியை, முகமெல்லாம் சிரிப்பாக, தட்டினாள். சேஃப்டி ஆபீசர். "கரெக்டா நைனா?" என்றாள். பின்னாலிருந்த இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"போட்டுக்கோ," என்றேன். அப்போது என் நாக்கில் இடி விழுந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து கம்பெனிச் சான்றிதழ் ஊருக்கு வந்த ஒரு நண்பன் கையில் வந்து சேர்ந்தது. தூதரக முத்திரை பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே அதைவிடப் பளிச்சென்று 'டேங்க் கிளீனர்'. கவரை ஒட்டி, பெட்டியில் துணிக்கு அடியில் திணித்தேன். அன்று சாயங்காலம் மனைவியிடம் வீரமாகச் சொன்னேன், "இந்தக் கோட்டா கீட்டா எல்லாம் பேஜாரு. என்.ஆர்.ஐ. சீட்டே வாங்கிடலாம். கவுரவமா இருக்கும்."

அவள் தையல் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள், "இன்னாது, கவுரவமா? அதுக்கு எவன்யா டப்பு குடுப்பான், உன் நைனாவா என் நைனாவா?"

சான்றிதழ் சரிபார்ப்பு செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில். நானும் மகளும் காலையிலேயே பஸ் ஏறினோம். கவர் என் சட்டைக்குள் இருந்தது. திருக்கழுக்குன்றம் மலை தெரியும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள், "ஹாஸ்டல்ல நாஸ்தா நல்லா இருக்குமா நைனா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன். சொல்லாமலே கவரைக் கொடுத்தால் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு குருட்டு நம்பிக்கையும் இருந்தது. எத்தனை காகிதம் பார்க்கிறவர்கள், இதையா பார்க்கப்போகிறார்கள்?

இதைத்தான் பார்த்தார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா விண்ணப்பத்தில் ஒரு விரலும் சான்றிதழில் ஒரு விரலும் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதுல சேஃப்டி ஆபீசர்னு போட்டிருக்கு, இதுல வேற போட்டிருக்கு. எது உண்மை? ஒண்ணு பொய்யின்னா அப்ளிகேஷனே ரிஜெக்ட் ஆயிடும், தெரியுமா?"

மகள் சான்றிதழை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் டேங்குக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

"சர்டிபிகேட்ல கீறதுதாம்மா..." என்று முணுமுணுத்தேன்.

தலைக்கு மேலே ஃபேன் கடகடத்தது. "கேக்கல. என்ன வேலை செய்றீங்க? சத்தமா சொல்லுங்க."

பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முழுக்கைச் சட்டை, வாட்ச், வாசனைத் தைலம், எல்லாம் என்னைப் போலவே லீவில் வந்த அப்பன்கள். மகள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே வந்தது. அட முட்டாளே, அவள் வாழ்க்கை இங்கே தொங்குகிறது, நீ எவன் காதில் விழும் என்றா பார்க்கிறாய்?

"டேங்க் கழுவுறேம்மா!" என்றேன். எழுந்தே நின்றுவிட்டேன். "எண்ணெய் டேங்க். உள்ள எறங்கி கழுவுறேன். பன்னெண்டு வருசமா அதான் என் வேலை. ஆபீசர்னு வூட்ல பொய் சொன்னது நானு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னுது, பொண்ணோட சீட்ட எடுத்துறாதீங்க!"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காருங்க. இது தொழிலாளிங்க பிள்ளைங்களுக்கான கோட்டாங்க. தொழிலாளின்னு சொல்றதுக்கு இவ்ளோ பயமா? பதவியைத் தப்பா போட்டுட்டோம்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, திருத்திக்கலாம்." ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

நான் எழுத ஆரம்பித்தபோது, என் வரிசையில் பின்னாலிருந்து ஒரு தொண்டை கனைத்தது. அச்சரப்பாக்கத்துக்காரராம், கழுத்தில் தடியாகச் சங்கிலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகனைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். "மேடம், எனக்கும் ஒரு வெள்ளத்தாளு." அவருக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. அந்த அம்மா சிரித்தபடியே ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜை மேலே வைத்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றோம். டீ பாதி முடிந்ததும் மகள் கேட்டாள், "அந்த ஹெல்மெட்டு?"

"மலையாளி ஆபீசரோடது."

"தூ!" என்றாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. "என்கிட்ட இன்னாத்துக்கு நைனா பொய் சொன்ன? நான் கேட்டனா ஆபீசர் வேணும்னு?"

"யாரும் உன்ன அந்தப் பேர் சொல்லி கூப்டக் கூடாதுன்னுதாம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். உள்ளே எத்தனை நேரம் இருப்பாய்? என்ன வாயு இருக்கும்? அளந்து பார்த்துத்தான் இறக்குவார்களா? வெளியே கயிறு பிடித்து யார் நிற்பார்கள்? முகமூடிக்குக் காற்று எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எனக்குப் பெயர் தெரியாத வாயுவுக்கு அவள் பெயர் சொன்னாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு ஆள் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு இவ்வளவு தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "அதான பாத்தேன். ஒவ்வொரு தபா வரும்போதும் உன் பெட்டியில ஒரு நாத்தம். ஆபீசருங்கல்லாம் அப்படித்தான் நாறுவாங்கன்னு நெனச்சிகினு தொவச்சேன்யா!"

இரண்டு வாரத்தில் இடம் ஒதுக்கினார்கள். அதே கல்லூரி, அதே கெமிக்கல். மகள் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். என் மனைவி கேசரிச் சட்டியோடு எங்கள் இரண்டு பேர் பின்னாலும் திட்டிக்கொண்டே வந்தாள். யார் எப்படி சீட் கிடைத்தது என்று கேட்டாலும், கேசரியை வாங்கிக்கொள்ளும் முன்னால் என் மகள் ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் மறு பேச்சு. "எங்க நைனா சவூதில டேங்க் கழுவுறாரு, அந்தக் கோட்டால கெடச்சுது." எந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவார்களோ என்று நான் கடல் தாண்டிப் பயந்தேனோ, அதை அவளே வீடு வீடாகச் சொல்லி இனிப்புக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் நான் லீவில் வந்த அன்றைக்கே என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, துபாயில் அசிஸ்டென்ட் மேனேஜர், தெருவிலேயே பெரிய பதவி. அவன் மகனுக்கு அந்த வருஷம் பிளஸ் டூ. சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து, வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, என் காதருகே குனிந்தான். "மாமா, அந்தக் கட்டத்துல நான் இன்னா எழுதணும்?"

"நீ இன்னா வேல செய்ற?"

அவன் உதடு மட்டும் அசைந்தது. ஒரு எழுத்தும் காதில் விழவில்லை.

"கேக்கல மச்சான்," என்றேன். "சத்தமா சொல்லு. சத்தமா சொன்னாத்தான் சீட்டு."