துடைக்காமல் விற்ற டிராக்டர்கள்

கதிரேசா, பூங்கொடிக்கு நீ விற்ற டிராக்டரில் ஆயில் ஒழுகியது உனக்குத் தெரியும். தெரிந்துதான் துடைத்தாய். தெரிந்துதான் அதன்மேல் பெயின்ட் அடித்தாய். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கதிரேசன் தாராபுரம் ரோட்டில் பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவன். பூங்கொடி குண்டடத்துப் பெண். அப்பா போனபின் தனியாகத் தோட்டம் பார்க்கிறாள். சின்ன வெங்காயம் நட உழவு ஓட்டிக்கொண்டிருந்தபோதே வண்டி கலப்பையைத் தூக்க மறுத்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் நட்டாக வேண்டும். கதிரேசனைக் கூப்பிட்டதற்கு, "எடுக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டானாம். போன வாரம் என் வீட்டுக்கு வந்தவள், ஒரு வெள்ளைத் துணியை என் கையில் வைத்தாள். நடுவில் பழைய கறைக்கு மேலேயே கறுப்பாகப் புது எண்ணெய், நீ விற்ற வண்டியில் ஒற்றியது. அவள் அப்பா பெட்டியில் எடுத்து வைத்திருந்த பனியன் துணி அது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. அந்தத் துணி நான் கொடுத்தது.

பல வருஷத்துக்கு முன் நான் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். டியூப் லைட், நீள மேஜை, குவியலாகப் பனியன், கறை கண்ட இடத்தில் ஒட்ட அம்புக்குறி ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் என் கையைவிட்டுப் போகாது. எங்க ஊட்டுக்காரர் ஒருமுறை சட்டை முதுகில் ஸ்டிக்கரோடு ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டு வந்தார். பந்தியில் எல்லோரும் தன்னை மரியாதையாகப் பார்த்ததாக வேறு சொன்னார்.

அவர் லாரி டிரைவர். லாரி போதும், பழைய டிராக்டர் வாங்கி விற்கலாம் என்று கொமரலிங்கத்தில் ஒரு வண்டியைப் பிடித்து ஓட்டி வந்தார். அதற்காக என் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தோம். வந்த கையோடு கழுவித் துடைத்துப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறையை மறைத்து ஒரு பீஸ் அனுப்பினால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும் என்று பழகினவள் நான். எனக்குத் தெரிந்த எண்ணெய் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் மட்டும்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வாங்குகிறவரே துடைத்துப் பார்க்கட்டும் என்று சண்டை போட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி ஒரு மூட்டை வாங்கி வந்தேன். நல்ல வெள்ளை.

வாங்க வந்தவர் பூங்கொடியின் அப்பா துரைசாமியண்ணன். கூட்டி வந்த புரோக்கர் இதே கதிரேசன். துணி மூட்டையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு.

"ஏனுங்க்கா, டிராக்டருக்கு சைஸ் லேபிளும் தெப்பீங்களா?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவரே துடைத்தார். வண்டியை ஓடவிட்டுக் கலப்பையை ஏற்றி இறக்கச் சொன்னார். பிறகு புதுத் துணி ஒன்றை எடுத்து, கலப்பையைத் தூக்குகிற லிஃப்ட்டுக்குக் கீழே ஒற்றினார். உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எங்க ஊட்டுக்காரர் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என் கழுத்தில் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் துணியை நிதானமாக மடித்தார்.

"ஒழுகற எடம் தெரிஞ்சுபோச்சுங்க அம்மிணி. ஆயில் சீல் மாத்திக்கலாம். தெரியாத வண்டிக்குத்தானுங்க பயப்படோணும்."

சீல் செலவைக் கழித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். அந்தத் துணியையும் சேர்த்து.

நாங்கள் தலை நிமிர்ந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். கொடி கழுத்துக்கு வந்தது, அடுத்த வண்டி வந்தது. அந்த அம்மாவிடம் போங்கள், துணி கொடுப்பார்கள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி அனுப்பினார். சாமி கும்பிடும்போது இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கதிரேசனுக்கும் நான் கடன்பட்டவள்தான். மறைக்க மாட்டேன். எங்க ஊட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வியாபாரத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். சிரித்தவனே பேன்ட் பையில் வெள்ளைத் துணி செருகிக்கொண்டு, "எங்க வண்டிய நீங்களே தொடச்சுப் பாத்துக்குங்க" என்று வந்தவர்களிடம் பெருமையாக நீட்டுவான். வேறு எவனாவது இந்த வேலையைச் செய்திருந்தால் புகார் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். அவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்க ஊட்டுக்காரர் போய்விட்டார். அண்ணனும் போய்விட்டார். வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது பனியன் குடோன். வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பெட்டி ஏற்றுகிறார்கள். நல்லா இருக்கட்டும். கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை கேட்டேன், எல்லாம் மொத்தமாக நூல் மில்லுக்குப் போய்விடுகிறதாம். டிராக்டரையும் போனில் போட்டோ பார்த்தே முடித்துவிடுகிறார்கள். போட்டோவில் எந்த வண்டிதான் ஒழுகும்?

வருகிற சந்தை நாளில் அந்த வண்டியைக் குண்டடம் சந்தைக்கு ஓட்டி வரும்படி பூங்கொடியிடம் சொல்லியிருக்கிறேன். துணி என்னிடம் இருக்கிறது. கதிரேசா, போனில் அக்கா அக்கா என்று குழையாதே. சந்தைக்கு வா. கூட்டத்துக்கு நடுவில் நின்று, துரைசாமியண்ணன் மகள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். துடைத்தாயா, இல்லையா?