தண்ணீரால் ஒரு சூரியன்

கல்யாணமான இரண்டாம் வருஷம், நான் பிறந்த வெள்ளகோவிலில் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு என் கணவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் பாடமெல்லாம் இங்கிலீஷில்தான். நட்சத்திரங்களைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்றதும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. வீட்டுக்குள் நடந்து நடந்து ஒத்திகை பார்த்தார். நான் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, நட்சத்திரத்துக்குன்னு தனியா ஒரு சரக்கு இருக்குதுங்களா? பருத்தியோ தண்ணியோ, நம்மகிட்ட இருக்கறதையே அத்தனை பெருசாக் குவிச்சா எரியாதுங்களா?" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று சாப்பிடும்போது இலையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டார். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"அம்மணி, எரியும். எதைக் குவிச்சாலும் எரியும். அதோட பாரமே அதை உள்ளுக்குள்ள நசுக்கும். நசுங்க நசுங்கச் சூடேறும். அதோட நடு வயித்துக்குள்ள போனா பருத்தியும் இருக்காது, தண்ணியும் இருக்காது, எல்லாம் உடைஞ்சு கெடக்கும். எத்தனை காலம் எரியும்கறதுதான் சரக்கைப் பொறுத்தது."

அதையே பேச்சாக்கிக்கொண்டார்.

விழாவன்று பிற்பகல் பந்தல் நிறைய ஆட்கள். முன்வரிசையில் என் அப்பா. பெண்கள் பக்கம் நான். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. சூரியன் அளவுக்குத் தண்ணீரைத் திரட்டி வைத்தால் அதுவும் ஒரு சூரியனாகிவிடும் என்று அவர் சொன்னதும், நடுவிலிருந்து ஒரு பெரிய பண்ணையக்காரர் எழுந்தார். அந்த வருஷம் மழை இல்லை.

"எங்க கெணத்துல குடிக்கவே தண்ணி இல்லீங்க. நீங்க அதை எரிக்கறேன்றீங்களே!"

பந்தலே சிரித்தது. அவர் இன்னும் பலமாக, "படிச்சவங்க சொன்னா நாங்க எதையும் நம்பிக்குவோம்னு நெனச்சுட்டீங்களா?" என்றார். இப்போது சிரிப்பில் கோபமும் சேர்ந்துகொண்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இங்கிலீஷ் வார்த்தைதான் வந்தது.

என்ன தைரியத்தில் எழுந்தேனோ, எனக்கே தெரியாது. "ஈர வைக்கோலைப் போர் போட்டா உள்ள கை வைக்க முடியுதுங்களா? அது பத்திக்கறதும் உண்டுங்களே. யாரு தீ வெச்சாங்க? அந்த மாதிரிதானுங்க இதுவும்."

"அம்மணி சொல்றது நெசந்தான்" என்று பல குரல்கள். கூட்டம் அடங்கிற்று. அப்பா நிமிர்ந்தார். நான் உட்காரப் போகையில் மேடையிலிருந்து என் கணவர் சொன்னார்:

"இல்லீங்க. அது வேற. வைக்கோல் மக்கறதால வர்ற சூடு அது. நான் சொல்றது அமுங்கறதால வர்ற சூடு. அவங்க சொன்னது தப்புங்க."

என் காதெல்லாம் கொதித்தது. அவரைக் காப்பாற்ற எழுந்தவள் நான். என் ஊரில், என் அப்பா முன்னால், தப்பு என்கிறார். பக்கத்திலிருந்த சின்னம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

என் கணவர் பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "யார்கிட்டயாவது சைக்கிள் பம்பு இருக்குங்களா?" என்று கேட்டார். ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து, அதை அந்தப் பண்ணையக்காரர் கையிலேயே தந்து, காற்று வெளியேறும் வாயைத் தாம் விரலால் அடைத்துக்கொண்டார். "அடியுங்க. உள்ள வெறும் காத்துதான்."

பண்ணையக்காரர் திடகாத்திரமான ஆள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்வரை அடித்தார். "இப்ப அடிப்பக்கம் தொட்டுப் பாருங்க." தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதுங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப, அத்தனை தண்ணியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுக்குனா…" என்று நிறுத்தி, பேச்சை முடிக்காமலே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பம்பு கைமாறிக் கைமாறிப் போயிற்று.

பஸ்ஸில் காங்கயம் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"கோபமா?" என்றார்.

"வைக்கோல் போர்னே விட்டிருந்தா என்னங்க? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே."

"மத்தவங்க சொல்லியிருந்தா விட்டிருப்பேன். இந்தக் கேள்வியே உன்னோடது. உன்கிட்டப் போயி அரைகுறையா ஆமாம் போடவா?"

எனக்கு உடனே கோபம் ஆறவில்லை. பிறந்த வீட்டில் நான் சொன்னதற்கெல்லாம் "சரி கண்ணு" என்பார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நான் சொன்னதை நிறுத்தி எடை போட்டு, தப்பு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வலித்தது. வேறு ஏதோவாகவும் இருந்தது. அதற்குப் பேர் தெரியவில்லை.

பல்லடம் தாண்டியபோது, "இரும்பாலயே ஒரு சூரியன் செஞ்சா?" என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.