கண் மாறிய நாக்குமீன்

“…மீனெல்லாம் சரிதான் மகள், செதிலைக்கூட எண்ணலாம் போல இரிக்கி, ஆனா கண் ரெண்டும் மாறிக் கிடக்கே, இது எங்கட கடல் மீனில்ல” என்று வாப்பா சொன்னபோது அவர் சட்டையிலிருந்து டீசலும் காய்ந்த வலையும் சேர்ந்த வாசம் வந்தது. அந்த வாசத்துக்காகத்தான் நான் ஐந்து மாதம் காத்துக் கிடந்தேன். அவர் கையில் இருந்தது நான் அச்சடித்த மீன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சோளகக் காற்று எழும்பிவிட்டால் எங்கள் கற்பிட்டிப் பக்கத்துப் பெருங்கடல் ஆளை உள்ளே விடாது. படகையும் இஞ்சினையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் திருகோணமலைப் பக்கம் போய்விடுவார்கள். அங்கே கரையில் தென்னங்கிடுகால் “வாடி” அடித்துத் தங்கித் தொழில் செய்து, காற்று மாறிய பிறகுதான் திரும்புவார்கள். சில வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் சமைத்துக் கொடுக்கக் கூடவே போவதுண்டு. எங்கள் உம்மா சவூதியில் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருந்தார். ஆகவே நான் எத்தாளையில் உம்மாவின் ராத்தா வீட்டில், அதாவது பெரியம்மாவிடம், விடப்பட்டேன். பாலாவிச் சந்தி வரைக்கும் லொறியில் கூடப் போனேன். அங்கே பெரியம்மாவோடு இறக்கிவிட்டு, “கையில ஒரு வேலையப் பழகிக்கொள் மகள், அடுத்த சோளகத்துக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறன்” என்றார் வாப்பா. மீன் வெட்டவோ சோறாக்கவோ பழகச் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு “வேலை” என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது.

பெரியம்மா விடிந்ததும் வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் காற்றும்தான். தகரக் கூரையில் மணலை அள்ளி அள்ளி எறியும் அந்தக் காற்றில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட கதைகூட எனக்குக் கேட்காது. ஒரு நாள் லாம்புச் சிமிலியைத் துடைத்த கரிக் கையோடு, தலைக்கு வைத்த எண்ணெயும் அதில் பட்டிருக்க, முற்றத்து அடம்பன் இலை ஒன்றைப் பிய்த்து, உம்மாவுக்குக் கடிதம் எழுத வைத்திருந்த மெல்லிய வான்கடிதத் தாளின்மேல் அமர்த்தினேன். எடுத்துப் பார்த்தால் ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் அதன் நரம்பும் அப்படியே தாளில் கிடந்தன. அதன் பிறகு கண்டல் இலை, கரையொதுங்கிய சாதாளைப் பாசி, வேம்பு, தும்பை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசி அமர்த்தினேன். உம்மாவுக்கும் எழுத்தில்லாமல் இலைகளையே அனுப்பினேன். “இலைய அனுப்புறாய், நீ எப்படி இரிக்கிறாய் எண்டு ஒரு வரி எழுதல்லையே” என்று பதில் வந்தது. எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் இலையைத் தேடிப் போகிறேன்?

அலையில்லாத களப்புத் தண்ணீருக்குள் தூண்டில் போடுகிற ஒருவர் ஒரு நாள் பெரியம்மாவிடம் நாலைந்து மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று நாக்குமீன்: தட்டையாக மணலோடு மணலாய்க் கிடக்கிற, இரண்டு கண்ணும் உடம்பின் ஒரே பக்கத்தில் இருக்கிற மீன். அதற்குக் கரி பூசிக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்துவிட்டார். “கறிக்கு ஊத்த எண்ணெயில்ல, இவ மீனுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறா! சீப்பும் எடுத்துத் தரவா புள்ள?” என்றார். பிறகு தாளைப் பார்த்தார். இரண்டு கண்ணும் இரண்டு வளையமாக விழுந்திருந்தன. அவர் குரல் இறங்கிவிட்டது. “இலையெண்டா சரி. கண் வச்ச உருவத்தத் தொழுற வீட்டுச் சுவரில தொங்க விடப்படாது, வானத்திலேருந்து மலக்குமார் இறங்கி வர மாட்டாங்க.” ஆனால் கிழிக்கச் சொல்லவில்லை, அலுமாரியில் என் உடுப்புக்கு அடியில் அவரே வைத்தார். மீனைத் தேய்த்துக் கழுவி ஆக்கியும்விட்டார்.

இரவில் சில நாள் அலுமாரியைத் திறந்து அந்த மீனோடு கதைப்பேன். வாப்பாவுக்குக் காட்ட என்னிடம் ஒரு வேலை இருந்தது. மற்றதெல்லாம் இலை, இதுதான் கடல். கடல் ஆளுக்கு இதைக் காட்டினால் போதும், அடுத்த முறை லொறியில் எனக்கும் இடமுண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி நம்பியிருந்தபோதுதான் அவர் கண் மாறிக் கிடக்கிறதென்றார்.

“நான் கீறல்ல வாப்பா, மீனையேதான் வச்சு எடுத்தது.”

“மீன வச்சியோ என்னத்த வச்சியோ, நாக்குமீனுக்கு ரெண்டு கண்ணும் இடப்பக்கம். ஒண்ட மீனுக்கு வலப்பக்கம். இப்படியொண்ட ஒருத்தரும் பிடிச்சதில்ல.”

தாளில் அமர்த்துவதெல்லாம் இடம் வலமாகத்தான் விழும் என்பது எனக்குத் தெரியாது. இலைக்கு இரு பக்கமும் ஒன்றுதான், ஆகையால் யாருக்கும் தெரியவில்லை. அந்த மீனை வலையிலிருந்து ஆயிரம் தரம் கழற்றிய கைக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. தோற்றுப்போனேன் என்று நினைத்தேன். என்றாலும் கேட்டுவிட்டேன்: “அடுத்த சோளகத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?”

இப்போது எனக்கு அச்சுத்தான் தொழில். கண்டலையும் சாதாளையையும் மீனையும் பலகையில் செதுக்குகிறேன். எதைச் செதுக்கினாலும் முதலில் இடம் வலமாக மாற்றிக் கீறுவேன். காற்றுக்குப் பயந்து ஊர் ஆண்கள் வெளிக்கிட்ட அதே சோளகத்தில் இப்போது காற்றுக்காகவே வெள்ளைக்காரர் வருகிறார்கள், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடுகிறார்கள், போகும்போது என் படத்தில் ஒன்றிரண்டை வாங்கிப் போகிறார்கள். பெரியம்மாவின் வீடு இருந்த இடத்தில் அவர்கள் தங்கும் கபானா நிற்கிறது. பெரியம்மா இல்லை, வாப்பா இல்லை, அந்த மெல்லிய நீலத் தாள் எந்தக் கடையிலும் இல்லை. காற்று மட்டும் அதே காற்று. அது என் கூரைத் தகரத்தில் மணலை எறியும்போது கையிலிருக்கிற உளியை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் வேறு ஆளில்லை.

அன்றைக்கு நான் அப்படிக் கேட்டதும் வாப்பா எழும்பினார். தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்தார். கரி தாளை ஊடுருவித் தெரிந்தது, இரண்டு கண்ணும் இடப்பக்கம் வந்தன. “ஆ…” என்றார். நாலாக மடித்து, அடையாள அட்டை வைத்திருந்த பொலித்தீன் உறைக்குள் அதையும் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த சோளகம் எழும்பியபோது பாலாவிச் சந்தியில் என்னை இறக்கிவிட்டார், அந்தப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார், லொறியில் ஏறிக்கொண்டார்.