கூரையில்லாத காரில் கதவைத் தேடினேன்

போன மாசி மாதம் நடந்தது இது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கூரை திறக்கும் கார் மீது ஆசை வந்தது. பட்டனை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படி மடங்கும் வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று என் போன் சார்ஜரைத்தான் கேட்க வேண்டும்.

மனைவி எதிர்க்கட்சி. உச்சியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த கார் போதும் என்பது அவள் முடிவு. "மூடியில்லாத வண்டியில போவறதுக்கு மாட்டுவண்டியே வாங்கிடலாமுங்க, வைக்கோலாவது ஏத்தலாம்" என்றாள். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சமாதானம் சொல்லி வைத்தேன்.

புதுச்சேரி ஷோரூமிலிருந்து ஒரு விற்பனை அதிகாரி சிவப்பு வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். அவர் என் பக்கத்தில், மனைவி பின்சீட்டில். கூரையைத் திறந்து சேத்தியாத்தோப்பு சாலையில் விட்டேன். தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்று ஆடின. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானோ பார்க்காதவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தேன்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி உளுந்து உதிரும். ஓரத்தில் நின்ற பெண்களில் ஒருவர், "அண்ணே, வண்டி சோக்கா இருக்குது. இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் போங்க" என்றார்.

எனக்கு இது போதாதா? முன்னால் போனேன், பின்னால் வந்தேன், மறுபடி போனேன். அமைச்சர் மாதிரி கை வேறு அசைத்தேன். "சார், இது தாழ்வான வண்டி" என்று அதிகாரி முனகியது காதில் விழவில்லை. அடியில் செடி சுற்றிச் சுற்றி, சூடான புகைக்குழாயில் போய் ஒட்டிக்கொண்டது. திடீரென்று கருகல் வாசனை. பக்கவாட்டில் புகை எழுந்தது.

அதிகாரி கதவைத் திறந்து குதித்தார். மனைவி புடவையைத் தூக்கிச் செருகி, பக்கச்சுவரைத் தாண்டி இறங்கிவிட்டாள். நான்? ஆயுசு முழுக்கச் சூளை பக்கத்தில் நின்றவன், பட்டறை ஆட்களிடம் "புகையப் பாத்து பதறாதீங்கடா" என்று தினமும் உபதேசிப்பவன், சீட் பெல்ட்டைக் கழற்றாமலே கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கை எதையோ அமுக்க, மடங்கிக் கிடந்த கூரை எழுந்து என்னை மூட வந்தது.

"பட்டனை விடுங்க சார்" என்று அதிகாரி கத்தினார். விட்டதும் கூரை பாதியில் நின்றது. சுற்றச் சொன்ன அந்தப் பெண் ஓடிவந்து பெல்ட்டைத் தானே விடுவித்தார். "கதவ ஏன் புடிச்சினு கெடக்குறீங்க, மேலதான் ஒண்ணுமே இல்லியே" என்றபடி, இன்னொருவரோடு சேர்ந்து அக்குளில் கை கொடுத்து, கூடையிலிருந்து கோழியைத் தூக்குவது போல என்னை வெளியே எடுத்தார். அதன் பிறகுதான் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி, கம்பால் செடியை இழுத்துப் போட்டு அணைத்தார்கள். தீ பரவியிருந்தால் அவர்களின் மொத்த விளைச்சலும் போயிருக்கும். அப்படியும் முதலில் என்னைத்தான் எடுத்தார்கள்.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. உளுந்துத் தூசியில் குளித்தவனாய் ஓரத்தில் உட்கார்ந்து, உச்சியில் கண்ணாடி ஜன்னல் வைத்த காரே வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சரணடைந்தேன்.

"இதையே வாங்குங்க" என்றாள் அவள். "கூரை இருந்திருந்தா உங்கள எந்த வழியா எடுத்திருப்பாங்க?"

அதே சிவப்பில் புதுசு வந்ததும், எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு, முதல் சவாரிக்கு அந்தப் பெண்களைத்தான் ஏற்றினோம். உளுந்து பக்கம் மட்டும் போகவில்லை.

இப்போதும் பட்டறையில் ஏதாவது ஒன்றுக்கு நான் பதறிக்கொண்டு நின்றால், மனைவி "மேல பாருங்க" என்று மட்டும் சொல்வாள். வானமே திறந்து கிடக்கும்போது மூடிய கதவை உலுக்கும் ஆள் நான் என்று, அந்த இரண்டு சொல் ஒவ்வொரு முறையும் எனக்கு ஞாபகப்படுத்துகிறது.