ஓடில்லாத ஆமை: எண்ணூர்க் கடற்கரையில் ஒரு காலை

கண்டெடுத்த பொருள்களைக் கொண்டு ஒரு சிற்பம் செய்துவருமாறு மகள் யாழினிக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் அவளையும் என் தங்கை மகன் கவினையும் எண்ணூருக்கு அழைத்துச் சென்றேன். சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

“இன்னா சார், கொயந்தைங்கள இட்டுகினு இங்க வர்றே? மெரினாவ மூடிட்டாங்களா?” என்றார் ஓட்டுநர். காரணத்தைச் சொன்னேன். “குப்ப பொறுக்க ஆட்டோவுல வந்த மொத ஆளு நீதான் சார்.”

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். மணலில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. அதையே நெடுநேரம் பார்த்திருந்த கவின், “ஆமையே செய்யலாம் மாமா” என்றான்.

விதிகளை வகுத்தேன். கையுறை கட்டாயம், உயிருள்ளதைத் தொடக் கூடாது, எடுத்தவற்றை வகைவாரியாகக் குவிக்க வேண்டும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டியிருக்கிறார்கள். அதன் இருபுறமும் பொறுக்கினோம். பிய்ந்த செருப்புகள் துடுப்புக் கால்களாயின, தேங்காய் நெற்று தலையாயிற்று. ஓட்டுக்கு ஒரு பெட்டி மூடியை வைத்து வலைக் கயிற்றால் கட்டினோம்.

அப்போது குப்பத்துப் பெண் ஒருவர் ஓடிவந்து மூடியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உட்புறம் நீலச் சாயத்தில் ஒரு சிலுவை.

“எங்க வூட்டுக்காரரு ஐஸ் பொட்டி மூடி இது. மூணு நாளா போட் திரும்பல.”

உடன் வந்தவர் அவருடைய கொழுந்தன். “கல்லுக்கு வடக்கால கெடந்துச்சா, தெக்காலயா? கரெக்டா சொல்லு சார். எந்தப் பக்கம் ஒதுங்கிச்சோ அங்கேந்துதான் தண்ணி வருது. போட்ட அங்கதான் தேடணும்.”

இருபுறமும் பொறுக்கியவை கலந்துவிட்டிருந்தன. எதிரே ஐந்து குவியல்கள் ஒழுங்காக இருந்தன.

“இவ்ளோ அய்கா அடுக்கிவெச்சிகீறியே நைனா,” என்றார் அந்தப் பெண். “எங்க எடுத்தேன்னு ஒரு குச்சி நட்டிருக்கக் கூடாதா?”

“ஆமைகிட்ட,” என்றான் கவின். “அது மேல மூடத்தான் எடுத்தேன்.”

“நெசமாவா கண்ணு?”

தலையாட்டினான். செத்த ஆமை கிடந்தது கல்லுக்கு வடக்கே. கொழுந்தன் கைபேசியில் கத்திக்கொண்டே படகுகளை நோக்கி ஓடினார். யாழினி முடிச்சுகளை அவிழ்த்து மூடியைக் கொடுத்தாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்ட அந்தப் பெண், “மூடி தனியா வந்தா இன்னா? பொட்டியப் புட்ச்சிகினு மெதக்கலாம்ல?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கவின்தான் “மெதக்கலாம்” என்றான்.

செல்ல விரும்புவோருக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. கைகழுவத் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். மனிதர் செய்த பொருள் எதுவாயினும், கிடந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, குப்பத்தில் காட்டிய பிறகே எடுங்கள்.

ஆட்டோ ஓட்டுநரிடம் தினமும் கைபேசியில் விசாரிக்கிறேன். “ஆளும் வரல, பொட்டியும் ஒதுங்கல சார்” என்கிறார். பெட்டி ஒதுங்கவில்லை என்பதை மட்டும் கவினிடம் சொல்கிறேன்.