நடந்தே வென்றவர்

சி.ஏ. இறுதித் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்த என் தங்கையைத் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். யாருக்கு எந்தப் படிப்புமுறை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். கையால் வேலை செய்து பழக்கமா என்பதற்கு, நடவு நட்டுப் பழகிய எங்கள் பூதலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், தங்கை உட்பட எல்லோரும், ஆமாம் என்றே எழுதினார்கள். உடனே அத்தனை பேரும் 'உடலால் கற்பவர்கள்' ஆனார்கள். கணக்கியல் விதிகளைக் கூடத்தைச் சுற்றி நடந்தபடியே ஒப்பிக்க வேண்டுமாம்.

"பரீட்சை ஹால்லயும் நடக்க விடுவாங்களா சார்?" என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"நெகட்டிவா பேசாதீங்கம்மா" என்றாராம் கோட் போட்ட பயிற்றுநர்.

அன்றோடு நின்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்தே தேறினாள்.

இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே மையத்தின் பேனரில் அவள் படம் இருக்கிறது. கீழே, 'நடந்தே வென்றவர்.'