மூன்றாவது கோட்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நஷ்டமில்லை. காரைக்கால் கோவில்பத்தில் இருபத்திரண்டு வருஷமாக மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்கிறேன். கதை கட்ட எனக்கு வராது. தெரிந்த ஒரே வித்தை, ஓட்டை உடைசலை வெளியே தெரியாமல் மறைப்பது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

என் பெயர் முருகானந்தம். அப்பா இல்லாத வீடு. தங்கை பிரதீபாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தோஷம், தோஷம் என்று வந்த வரனெல்லாம் தட்டிப் போனது. இரண்டு வருஷம் முன்பு, ஐப்பசியில், நெடுங்காட்டுப் பக்கமிருந்து ஜெயபிரகாஷ் என்று ஒரு வரன் அமைந்தது. நிலம் உண்டு, கம்பெனி வேலை உண்டு. இரண்டாம் தாரம்தான். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். நாங்களும் தோண்டித் துருவவில்லை.

திங்கட்கிழமை எங்கள் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. அவர்கள் முகம் சுளித்தால் கல்யாணம் நின்றுவிடும். நின்றுவிடக்கூடாது என்று நான் வேண்டாத சாமியில்லை.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளையின் அப்பா தெட்சிணாமூர்த்தி போன் செய்தார்.

"தம்பி, ஒரு ரூம் கதவு மட்டும் பாக்க அசிங்கமா இருக்கு. பொம்பளைங்க வர்றதுக்குள்ள பளபளன்னு பண்ணிக் குடுங்களேன்."

போனேன். நல்ல தேக்குக் கதவு. வெளிப்பக்கம் ஒரு குறையுமில்லை. உள்பக்கம்தான் கீறல். நாலு நாலு கோடுகளாக, முழங்கால் உயரத்திலிருந்து தரை வரைக்கும்.

"நாயக் கட்டிப் போட்டிருந்தோம் தம்பி" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளே இல்லை. இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைதான் இருந்தது. வெளியே மட்டும் கனமான இரும்புத் தாழ்ப்பாள். "அந்தத் துளையையும் அடைச்சிடுங்க" என்றார். அடைத்தேன். மாப்பிள்ளை வீட்டில் போய்க் கேள்வி கேட்பார்களா?

உள்பக்கம் வேலை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். தூசி வந்து ஒட்டாது. மதியம் இரண்டு பத்துக்கு உப்புத்தாளை எடுத்தேன். சர்... சர்... சர்... அடியில் இருந்த ஒரு கீறலுக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. ஊசியால் நெம்பினேன். நகப்பூச்சு. அரிசி நுனி அளவு.

எந்த நாய் நகப்பூச்சு வைத்துக்கொள்கிறது?

அதை ஊதித் தள்ளிவிட்டுத் தேய்த்தேன். கை வலித்தது. நிறுத்தினேன்.

சர்... சர்... சர்...

என் கை மடியில் இருந்தது.

எலி என்று சொல்லிக்கொண்டேன். கீறல்களில் பட்டி வைத்து, தேய்த்து, வெள்ளிக்கிழமை முதல் கோட் அடித்தேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் கதவு முழுக்கக் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் மட்டும் பிசுபிசுவென்று ஈரம். ஐப்பசி மழைதான், காயாது. ஆனால் அங்கே மறுபடியும் நாலு கோடு இருந்தது. விரலால் தடவினேன். குழியாக இல்லை... மேடாக இருந்தது. மரத்துக்குள்ளிருந்து யாரோ வெளியே கீறிய மாதிரி.

சுரண்டி எடுத்துவிட்டு இரண்டாவது கோட்டுக்கு உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அவர்கள் குடும்பத்தோடு திருநள்ளாறு கிளம்பினார்கள். வாசல் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டிவிட்டுப் போகிறார்களே என்று தோன்றியது. பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாற்பது.

டக்.

அறைக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. "யாருங்க?" என்றேன். ஜன்னலில் மழை. அறைக்குள் டர்பன்டைன் நெடி. மூச்சு முட்டியது.

"அண்ணே..."

பெண் குரல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

வெளியிலிருந்து வரவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"அண்ணே... கதவத் தொறண்ணே..."

கீழே பார்த்தேன். ஈர வார்னிஷில் ஒரு கோடு இறங்கியது.

பக்கத்தில் இன்னொன்று.

மூன்று.

நாலு.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம்... தெரியாது. கேட் சத்தம் கேட்டபோது நாலு இருபத்தைந்து. மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் தாழ்ப்பாளை நீக்கினார்.

"யாரு அத்தை தாழ்ப்பாளப் போட்டது?"

அவர் கதவின் அடிப்பக்கத்தையே பார்த்தார். பயமே இல்லை அந்த முகத்தில்.

"இன்னொரு கோட் அடிச்சா மறைஞ்சிடும்ல தம்பி?"

அப்போதே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. இதையும் விட்டால் தங்கை வீட்டோடு இருந்துவிடுவாள், ஊர் என்ன பேசும் என்றுதான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் மூன்றாவது கோட் அடித்தேன். கெட்டியாக. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

திங்கட்கிழமை அம்மா அந்தக் கதவில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். "கண்ணாடி மாதிரி இருக்கேடா, உன் வேலையா?" என்று பூரித்துப்போனாள்.

தையில் கல்யாணம். ஆடிக்கு அழைக்கப் போனபோது தங்கையை அனுப்பவில்லை. நானும் மல்லுக்கட்டவில்லை. மறுவாரம் காலை பதினொரு மணிக்குப் பிரதீபா போன் செய்தாள்.

"வெளிய போனா என்னைய ரூம்ல வெச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. வந்து கூட்டிட்டுப் போண்ணே."

எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றேன்.

ஆவணியில் அவர்கள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள். திரும்பி வந்து எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சல் என்றார்கள்.

நான் அந்தக் கதவைச் சாத்திப் பார்த்தேன். உள்பக்கம், என் மூன்றாவது கோட்டைக் கிழித்துக்கொண்டு, நாலு நாலாக...

பதினாறாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நடராசன். ஜெயபிரகாஷின் முதல் மனைவியுடைய அப்பா. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் பெண் என்னைக் கூப்பிட்டாள், அண்ணே, கதவைத் திற என்று கெஞ்சினாள், நான்தான் கேட்கவில்லை என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார்.

"எம் பொண்ணா? தம்பி... அது பொறவி ஊமைங்க. அத உங்ககிட்ட சொல்லவே இல்லியா? கத்தத் தெரியாமதான் கதவப் பொறாண்டிருக்கு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு அண்ணனும் கெடையாதுங்க. ஒத்தப் புள்ள" என்றார்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அந்த ஐப்பசி சனிக்கிழமை, மூன்று நாற்பதுக்கு, பிரதீபா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நகத்துக்குச் சிவப்புப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தாளாம்.